கற்க வந்தோரும் உழைக்கப் போனோரும்

கிராமத்தை உயர்த்தப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு கிராமத்துக்கு வருபவர்களின் தொகை நம் நாட்டில் எக்காலத்திலும் குறைந்ததில்லை. மதத்தின் பேரால் வந்தவர்கள் உண்டு. ஆட்சியின் பேரால் வந்தவர்கள் உண்டு. அபிவிருத்தியின் பேரால் வருபவர்கள் இன்று உண்டு. இந்த இறுதி வரிசையில் அண்மைக் காலத்தே புதியதொரு பிரிவினரும் சேர்ந்துள்ளனர். இவர்கள் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள். சமூக அபிவிருத்தி என்னும் துறையிலே செயல்முறைப் பயிற்சி பெறும் பொருட்டு, வெப்பமண்டல நாடொன்றின் காட்டோரக் கிராமத்திற் சில வாரங்களோ சில மாதங்களோ தங்கிச் செல்பவர்கள். அப்பயிற்சி அவர்களுடைய பட்டப் படிப்பின் ஓர் அங்கமாகிறது. அதற்குரிய செலவையும் பெரும்பாலும் அவர்களே தாங்குகின்றனர்.

இவர்களை ஏளனஞ் செய்து ஒதுக்கிவிடுவது எளிது. வெள்ளைத் தோலைக் கண்டதும் மாலையிட்டு வரவேற்பதும் நம்மவர்க்கு எளிதே. இரண்டையும் விடுத்து, ஒரு வினாவை மாத்திரம் நிதானமாகக் கேட்டுப் பார்க்க விரும்புகிறோம். இப்பயிற்சியிலே கற்பவர் யார், கற்பிப்பவர் யார், கற்பித்தவருக்குக் கிடைக்கும் கூலி யாது? புத்தளக் கரையோரத்திலே தமிழாசிரியராகப் பணியாற்றும் நாம் இவ்வினாவை நூல்களிலிருந்து பெறவில்லை. களப்போரத்து மக்களிடமிருந்தே பெற்றோம்.

தெற்கே மா ஓயாவிலிருந்து வடக்கே வில்பத்துக் காட்டின் கரைவரை நீண்டு கிடப்பது புத்தளம் மாவட்டத்தின் கடலோரம். அதன் நடுவே, கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையில், ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்திருக்கிறது புத்தளம் களப்பு. கலா ஓயாவும் மீ ஓயாவும் தம் நன்னீரை அதிற் கொண்டுவந்து சேர்க்கின்றன. உடப்பிலே திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கும் தமிழ் மீனவர், தலவில் அன்னம்மாள் தேவாலயத்துக்கு வள்ளத்தை நேர்ந்துகொள்ளும் கத்தோலிக்கர், கற்பிட்டியின் முஸ்லிம்கள், சிங்களம் பேசும் கரையோர மக்கள் எனப் பலரும் ஒரே நீரை நம்பி வாழ்பவர்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலோர் வந்து தங்கியதும் இந்த மாவட்டத்திலேதான். ஏற்கெனவே வறியவரா யிருந்த மக்கள், எல்லாவற்றையும் இழந்து வந்த மக்களுக்குத் தம் கிணற்றையும் களப்பையும் பங்கிட்டுக் கொடுத்தனர். அப்பங்கீடு உரசலின்றி நிகழ்ந்தது என்று சொல்வது பொய்யாகும். ஆயினும் நிகழ்ந்தது.

மழைக்காட்டுக் கிராமத்தைக் காணலாம் என்ற கற்பனையோடு வரும் அயல்நாட்டு மாணவர் சிலர் இங்கே ஏமாற்றமடைவதைக் கண்டிருக்கிறோம். இலங்கையின் மழைக்காடு என்றால் அது தென்மேற்கே உள்ள சிங்கராச வனம். 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. புத்தளமோ உலர்ந்த பிரதேசம். உப்பளமும் பனையும் முட்புதருமே கண்ணிற் படுவன. ஆனால் இங்கும் ஒரு காடு உண்டு. அது மழையை நம்பி வாழ்வதன்று; கடலின் ஏற்றவற்றத்தை நம்பி வாழ்வது. அதுவே கண்டற்காடு.

தமிழ் படித்தவர்க்குக் கண்டல் புதிய பெயரன்று. சங்கச் சான்றோரின் நெய்தற் பாடல்களிலே கழியும் கண்டலும் தாழையும் மீண்டும் மீண்டும் வருகின்றன. தில்லை என்னும் திருநகருக்குப் பெயர் தந்த மரமும் இக்காட்டு மரமே. எனினும் பல்கலைக்கழகத்திலே நெய்தல் திணையை மனப்பாடஞ் செய்து சித்தியெய்திய நமக்கு, கண்டலையும் கண்ணாவையும் வேறுபிரித்துக் காட்டியவர்கள் களப்போரத்துச் சிறுவர்களே. தண்டிலிருந்து வளைந்த கால்களை ஊன்றி நிற்பது கண்டல். சேற்றிலிருந்து விரல்கள்போல மூச்சுவேர்களை மேலே நீட்டுவது கண்ணா. கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்டதொரு காய்போலத் தொங்கிப் பின்னரே விழுகிறது. இத்தனையும் பாடநூலில் இல்லாத பாடம்.

இக்காட்டின் பயனை அம்மக்கள் கவிதையாகச் சொல்வதில்லை. இறாற் குஞ்சும் மீன் குஞ்சும் வேர்களுக்கிடையே ஒளிந்து வளருகின்றன. காடு அழிந்தால் வலை வெறுமையாகும் என்பார்கள். முன்னாளிற் கண்டற்பட்டையை அவித்து வலைக்கும் பாய்க்கும் சாயமேற்றினார்கள். காற்றையும் அலையையும் தணித்துக் கரையைப் பிடித்து வைத்திருப்பதும் அக்காடே. கண்டற்காட்டின் சேறு பெருந்தொகையான கரியைப் பல நூற்றாண்டுகளாகப் புதைத்து வைத்திருக்கிறது என்று இன்றைய விஞ்ஞானிகள் கண்டுள்ளனர். உலகம் சூடேறிவரும் இக்காலத்தில் மேலைநாடுகளின் கவனம் நம் சேற்றின் மீது திரும்பியதற்கு இது முக்கியமானதொரு காரணம்.

இத்தகைய காட்டை அழித்தவர் யார்? விறகு வெட்டிய ஏழைப் பெண்களே அழித்தார்கள் என்று கூறும் துண்டுப்பிரசுரங்களை நாம் படித்திருக்கிறோம். அது அரை உண்மை. 1980களில் வடமேல் மாகாணக் கரையிலே இறால் வளர்ப்பு ஒரு பெரும் வேட்டையாகத் தொடங்கியது. அந்நியச் செலாவணி என்னும் மந்திரம் ஓதப்பட்டது. முந்தல், உடப்பு, சிலாபம் எனக் கரை நெடுகிலும் கண்டற்காடுகளும் உவர்நிலங்களும் வெட்டப்பட்டுச் சதுரஞ் சதுரமான குளங்களாயின. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயே அவற்றுக்கு நீர்தரும் வாய்க்காலும் கழிவுநீரை ஏற்கும் வாய்க்காலுமாயிற்று. ஒரு பண்ணையின் கழிவு அடுத்த பண்ணையின் உணவாயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது, அந்தப் பொது நீரினூடே அது பண்ணைக்குப் பண்ணை தாவியது. பெருந்தொகையான குளங்கள் கைவிடப்பட்டன. முதலீட்டிற் பெருத்தவர்கள் வேறு தொழிலுக்குப் போயினர். கடன்பட்டுச் சிறு குளம் வெட்டியவரும், காட்டை இழந்த களப்பு மீனவரும் எஞ்சினர். இன்றும் அவ்வழியே பேருந்திற் செல்பவர்கள் உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கும் அக்குளங்களைக் காணலாம். பசித்தவன் வெட்டிய விறகுக்கும் இலாபம் வெட்டிய காட்டுக்கும் வேறுபாடு காணாத கல்வி கல்வியாகாது.

அழிந்ததை மீட்கும் முயற்சிகளும் இக்கரையிலேயே தோன்றின என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். சிலாபத்தை அடுத்த பம்பலையில் நிலைகொண்டிருக்கும் ‘சுதீச’ என்னும் அமைப்பு சிறு மீனவர் சம்மேளனமாகத் தொடங்கி வளர்ந்தது. கண்டற்காடும் மீனவப் பெண்ணின் வருமானமும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள் என்று அது கண்டது. 2015 மே மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ‘சீகொலஜி’ என்னும் நிறுவனமும் சுதீசவும் இலங்கை அரசும் சேர்ந்து ஒரு திட்டத்தை அறிவித்தன. ஐந்தாண்டுகளில் 34 இலட்சம் டொலர் செலவில், 1,500 கிராமங்களைச் சேர்ந்த 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறு கடனும் வழங்குவது. அதற்கு ஈடாக அவர்கள் தத்தம் கரையிலுள்ள கண்டற்காட்டைக் காப்பது. எஞ்சியிருந்த ஏறத்தாழ 8,800 ஹெக்டேயர் காடு முழுவதற்கும் சட்டப் பாதுகாப்பு அளிப்பது. ஏறத்தாழ 3,900 ஹெக்டேயரில் மீண்டும் நடுவது. தன் கண்டற்காடு முழுவதையும் காக்க முன்வந்த முதல் நாடு என்ற புகழ் இலங்கைக்குக் கிடைத்தது. 2016 யூலை 26ஆந் தேதி பம்பலையிற் கண்டலுக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

புகழ் ஒருபுறமிருக்க, நட்ட கன்றுகள் என்னவாயின என்று கேட்டவர்களும் இருந்தனர். றுகுணு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொடிகாரவும் அவருடைய துணையாய்வாளரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஆழிப்பேரலைக்குப் பின் நாடெங்கும் நடைபெற்ற கண்டல் நடுகைகளை ஆராய்ந்தது. நடுகை நிகழ்ந்த 23 இடங்களுள் 9 இடங்களில் ஒரு கன்றுதானும் எஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று. 1,000 ஹெக்டேயருக்குக் குறையாத பரப்பிற் செய்யப்பட்ட முயற்சியிலே 200 முதல் 220 ஹெக்டேயர் அளவிலேயே பயன் விளைந்தது. காரணங்களும் அவ்வாய்விலேயே உள்ளன. பொருந்தாத மண்ணிற் பொருந்தாத இனத்தை நட்டார்கள். எளிதிற் கிடைக்கிறது என்பதற்காகக் கண்டல் விதையையே எங்கும் ஊன்றினார்கள். நீர் எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு நேரம் வற்றும் என்று பார்க்கவில்லை. நட்ட பின் பராமரிக்கவும் இல்லை. நடுவதற்குப் பணம் இருந்தது. காத்திருப்பதற்குப் பணம் இல்லை.

இந்தப் புள்ளிவிவரம் வெளிவருவதற்கு முன்னரே இதன் பொருளை ஒரு மூதாட்டியின் வாயிலாக நாம் கேட்டிருந்தோம். எம் பாடசாலைக்கு அண்மையிலுள்ள களப்புக் கரைக்கு ஓர் அமைப்பின் ஏற்பாட்டில் அயல்நாட்டு மாணவர் பன்னிருவர் வந்திருந்தனர். இரண்டு வாரப் பயிற்சி. காலையிற் கன்று நடுதல், மாலையில் நம் வகுப்பறையிற் சிறுவர்க்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தல் என்பது அவர்களுடைய நாளாந்த ஒழுங்கு. இருமொழியும் அறிந்தவர் என்பதால் எம்மை உரைபெயர்ப்புக்கு அழைத்திருந்தனர். அலை வற்றிய ஒரு சேற்றுத் திடலிலே கன்றுகளை வரிசையாக ஊன்றிக்கொண்டிருந்தபோது, நண்டு வலையைத் தோளிற் போட்டுக்கொண்டு அவ்வழியே வந்த மூதாட்டி நின்று பார்த்தார்.

“மாஸ்டர், இந்தப் புள்ளையள்ட்டச் சொல்லுங்க. இந்த எடத்துல வராது. இது நண்டு ஓடுற சேறு. பெருக்குக்குத் தண்ணி இடுப்புக்கு நிக்கும். அந்தா, அந்த ஓடை வாயை வெட்டி விட்டா, கண்ணா தானா மொளைக்கும்.”

அதை அப்படியே பெயர்த்துச் சொன்னோம். மாணவர்கள் மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டனர். ஆனால் அமைப்பின் சார்பில் வந்திருந்தவர் தம் கையிலிருந்த தாளைக் காட்டினார். நடவேண்டிய இடமும் கன்றுகளின் தொகையும் நன்கொடையாளருக்கு முன்பே எழுதி அனுப்பப்பட்டுவிட்டன. இனி மாற்ற இயலாது என்றார். மூதாட்டி சிரித்துக்கொண்டே, “சரி தம்பி, ஒங்கட தாளுல மொளைக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசி வாக்கியத்தையும் நாம் பெயர்த்துச் சொன்னோம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அறிவிப்புப் பலகை நின்றது. கன்றுகள் நின்ற இடத்திற் சிப்பி மூடிய குச்சிகள் சில நின்றன.

அம்மூதாட்டியின் கூற்று வெறும் அனுபவ மொழியன்று. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்திலே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1993 முதல் செய்த பணியும் இதையே நிறுவிற்று. முன்னாளில் மொத்தமாக வெட்டப்பட்ட இடங்களிலே மண் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு மிகுந்து, எதுவும் முளையாத நிலை ஏற்பட்டிருந்தது. அங்கே மீனின் முள்போலக் கிளைக் கால்வாய்களை வெட்டி, அலைநீர் வந்து போக வழி செய்த பின்னரே காடு திரும்பியது. அதைச் செய்தவர்கள் அயற்கிராம மக்கள். நம் மாவட்டத்தில் ஆனைவிழுந்தான் சரணாலயத்திலும் அண்மையில் இத்தகைய பணியே நடைபெற்றது. வயம்ப பல்கலைக்கழகப் பேராசிரியை செவ்வந்தி ஜயகொடி முதலியோரின் வழிகாட்டலில், கைவிடப்பட்ட இறாற் குளங்களின் வரம்புகளைத் திறந்து நீரோட்டத்தை மீட்டனர். நீர் திரும்பிய இடத்துக்கு விதையும் திரும்பியது. 2024 பெப்ரவரியில் இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி முயற்சிகளுள் ஒன்றாக அறிவித்தபோது, பழைய தோல்விகளிலிருந்து கற்றதே அதன் சிறப்பாகக் கொள்ளப்பட்டது. ஓடை வாயை வெட்டிவிடச் சொன்ன மூதாட்டியின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. இருக்கவேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

வந்த மாணவர் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். பொருளியல் படித்த ஒரு மாணவி ஏழு மாதம் தங்கினாள். முதல் இரண்டு மாதம் அவள் எதையும் நடவில்லை, எவருக்கும் கற்பிக்கவும் இல்லை. தமிழ் படித்தாள். விடியற்காலையில் வள்ளங்கள் கரையேறும்போது, வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்களோடு அமர்ந்து தானும் கழற்றினாள். பிறகு ஒரு கொப்பியை எடுத்து, நீலக்கால் நண்டு கரையில் என்ன விலை, சேகரிப்பவரிடம் என்ன விலை, தொழிற்சாலை வாயிலில் என்ன விலை என்று நாள்தோறும் குறித்து வந்தாள். வலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்ணுக்கு அவ்விலையில் எத்தனையில் ஒரு பங்கு சேருகிறது என்று கணக்கிட்டு, அப்பெண்களுக்கே வாசித்துக் காட்டினாள். போகும்போது கொப்பியின் பிரதியை மாதர் சங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அச்சங்கத்துப் பெண்கள், தம் கண்ணெதிரே நிறுக்காத தராசை ஏற்க மறுத்தனர். இது பெரும் புரட்சியன்று. நிறையிற் களவு போன சில நூறு கிராம் மீட்கப்பட்டது. ஆனால் அபிவிருத்தி என்ற சொல்லுக்கு நாம் அறிந்த பொருள்களுள் இது நேர்மையானது.

அப்பெண்களுக்குள் ஒரு ராத்தா அவளைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறது: “அந்தப் புள்ளை ஒதவி செய்ய வரல்ல மாஸ்டர். வெளங்கிக்கொள்ள வந்திச்சு.”

இந்த வேறுபாடு புதிதன்று. 1961இல் அமெரிக்க அரசு ‘அமைதிப் படை’ என்னும் பெயரில் இளந் தொண்டர்களை வறிய நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 1962இல் இலங்கைக்கும் அத்தகைய குழு ஆசிரியப் பணிக்கு வந்தது. நல்லெண்ணம் படைத்த இளைஞர்களை அனுப்பிய அரசே மறுபுறம் வியட்நாமில் என்ன செய்தது என்பதை உலகம் அறியும். 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரிலே, கோடை விடுமுறைச் சேவைக்கு ஆயத்தமான அமெரிக்க மாணவர் முன் இவான் இல்லிச் என்னும் சிந்தனையாளர் நிகழ்த்திய உரை புகழ்பெற்றது. பாருங்கள், பயணஞ் செய்யுங்கள், படியுங்கள். ஆனால் உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு வராதீர்கள் என்பதே அவ்வுரையின் சாரம். மொழி அறியாதவன் தன்னை வரவேற்கும் ஏழையின் மனத்தை எங்ஙனம் அறிவான் என்று அவர் கேட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் அக்கேள்வி பழுதுபடவில்லை.

நம் நாட்டிலேயே வேறொரு முன்னுதாரணம் உண்டு. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவரையும் உடனாசிரியரையும் கனத்தொளுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கிராமம் அது. அங்கு தங்கிக் கிணறு தோண்டியும் தோட்டம் கொத்தியும் அம்மக்களோடு உண்டும் செய்த அச் சிரமதானத்திலிருந்தே சர்வோதய இயக்கம் பிறந்தது. பிற்காலத்தில் அவ்வியக்கம் அடைந்த மாற்றங்கள் பற்றி நமக்கு வேறு கருத்துகள் இருக்கலாம். நில உடைமையையும் வர்க்கத்தையும் தொடாத கிராம உயர்ச்சி எவ்வளவு தூரம் செல்லும் என்று கேட்கலாம். ஆயினும் ஒரு பள்ளி ஆசிரியர் தம் நாட்டு மாணவரைத் தம் நாட்டுக் கிராமத்துக்கு, அவர்களுக்கே தெரிந்த மொழியில் கற்பதற்கு அழைத்துச் சென்றார் என்ற செய்தி ஆசிரியர்களாகிய நம் மனத்திற் பதியவேண்டியது.

ஏனெனில், நம் மாணவரின் நிலை யாது? நாம் இக்கட்டுரையை எழுத நேர்ந்ததே இவ்வினாவினால்தான். எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற ஒரு மாணவி இருந்தாள். வடக்கிலிருந்து வந்த குடும்பம், இங்கேயே பிறந்தவள். தகப்பன் களப்பில் வலை வீசுபவர். நெய்தற் பாடலுக்கு உரை சொல்லச் சொன்னால், பாடலில் வரும் பறவை எந்த மாதத்தில் இக்கழிக்கு வரும் என்றும் சேர்த்துச் சொல்வாள். நண்டு விலைக் கொப்பியை அயல்நாட்டு மாணவி எழுதியதை விடத் திறம்பட எழுதக்கூடியவள். 2022ஆம் ஆண்டு வந்தது. நாடு தன் வெளிக்கடனைக் கட்ட இயலாதென்று ஏப்ரலில் அறிவித்தது. ஓகஸ்டு மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்ந்தது. வள்ளத்து இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. களப்போரத்திலே பல வள்ளங்கள் கரையேற்றிக் கவிழ்க்கப்பட்டன. அவ்வள்ளங்களுள் அவள் தகப்பனுடையதும் ஒன்று.

அவள் பல்கலைக்கழகம் போகவில்லை. வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போனாள். போவதற்கு முன் அவளுக்கும் பயிற்சி தரப்பட்டது. வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காக அரசு வகுத்திருக்கும் பயிற்சி அது. துணி துவைக்கும் இயந்திரத்தை எவ்வாறு இயக்குவது, தூசியுறிஞ்சியை எவ்வாறு பிடிப்பது, எசமானி அழைத்தால் அரபு மொழியில் எவ்வாறு மறுமொழி கூறுவது என்றெல்லாம் கற்பித்துச் சான்றிதழும் கொடுத்தார்கள். “சேர், நானும் வெளிநாட்டுப் பயிற்சிக்காரிதான்” என்று விடைபெற வந்தபோது சொன்னாள். அச்சொல்லில் இருந்தது பகடி மாத்திரமன்று.

ஒரே கரை, இரண்டு பயணங்கள். ஒரு நாட்டு இளைஞர் பணம் செலுத்தி இங்கு வந்து, நம் வறுமையிலிருந்து பாடங் கற்று, அதைத் தம் தகுதிப் பத்திரத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்கின்றனர். இக்கரையின் இளைஞர் கடன்பட்டு அங்கு சென்று, தம் உழைப்பை விற்று, அத்தகுதிப் பத்திரத்திற் சேராத ஆண்டுகளைக் கழிக்கின்றனர். முன்னவர்க்கு விசா ஒரு சடங்கு. பின்னவர்க்கு அதுவே விதி. இதில் அந்த மாணவரின் குற்றம் எதுவுமில்லை. உலகத்தின் உழைப்பும் செல்வமும் பங்கிடப்பட்டிருக்கும் முறையே அவர்களை இங்கும் இவர்களை அங்கும் அனுப்புகிறது. அம்முறையைப் பாடத்திட்டத்திற் சேர்க்காத சமூக அபிவிருத்திப் பயிற்சி, நோயைப் பார்க்காமல் நோயாளியின் படுக்கை விரிப்பை மாற்றுவது போன்றதே.

கடனைப் பற்றியும் ஒரு சொல். கிராமப் பெண்களின் விடுதலைக்கு மருந்தாகச் சிறு கடன் உலகெங்கும் விளம்பரப்படுத்தப்பட்டது. கண்டலைக் காக்கும் கடமையோடு இணைத்துப் பயிற்சியும் தந்து குறைந்த தொகை கொடுத்த முயற்சிகளையும், வாசலில் வந்து நின்று வாராவாரம் வட்டி பிடுங்கிய நுண்கடன் கம்பனிகளையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. ஆனால் அப்பெண்ணின் அடுக்களையிற் கடன் கடனே. 2018இல் வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்குத் துன்பம் முற்றியிருந்தது. 2021இல் கிங்குராக்கொடையிலே பெண்கள் வாரக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். வலைக்குக் கூலி, நண்டுக்கு நியாய விலை, எரிபொருளுக்கு நிவாரணம் ஆகியவை கிடைத்தால் அவளுக்குக் கடன் எதற்கு என்று எந்தப் பயிற்சிக் கையேடும் கேட்பதில்லை.

அவ்வாறாயின் வெளிநாட்டு மாணவர் வரவே கூடாதா? வரலாம் என்றே சொல்வோம். உலகத் தொழிலாளரும் மாணவரும் ஒருவரையொருவர் அறிவதை விரும்புகின்ற நாம் வாசலை அடைக்க இயலாது. ஆனால் வருபவர் மாணவராகவே வரட்டும். மூன்று நிபந்தனைகளைக் கிராமம் விதிக்கட்டும். முதலாவது, மொழி கற்பதற்குரிய காலத்தையாவது அவர்கள் இங்கே செலவிட வேண்டும். இரண்டாவது, கற்பிக்கும் மீனவப் பெண்ணுக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் அளிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குக் கட்டணமும் ஏற்பாட்டாளருக்குத் தரகும் கொடுக்கக்கூடியவர்கள் அவளுக்குத் தேநீர் மாத்திரம் கொடுத்துப் போவது நீதியன்று. மூன்றாவது, அவர்கள் எடுத்த கணக்கும் எழுதிய ஆய்வும் இவ்வூர் மொழியில் இவ்வூரிலேயே இருக்க வேண்டும்.

அதற்கு மேலானதொரு கடமை நம்முடையது. களப்போரத்துப் பாடசாலைகளின் உயர்தர மாணவர் தத்தம் கரையில் ஓராண்டேனும் பயிற்சி பெறும் ஏற்பாட்டை ஆசிரியர்கள் கேட்டுப் பெற வேண்டும். கன்று பிழைத்ததா என்று மாதந்தோறும் எண்ணுதல், ஓடைகளில் அலைநீரின் உயரத்தைக் குறித்தல், நண்டும் இறாலும் கரையில் விற்கும் விலையைப் பதிதல், மூதாட்டியர் சொல்லும் மரப் பெயர்களையும் காற்றுப் பெயர்களையும் தொகுத்தல் ஆகியவற்றுக்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. ஒரு கொப்பியும், உதவித்தொகையாக ஒரு சிறு பணமும், வழிகாட்ட ஓர் ஆசிரியரும் போதும். நடுகைத் திட்டங்களுக்கு வரும் நிதியில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கினால், அடுத்த பத்தாண்டில் எந்த இடத்தில் எந்த மரம் வரும் என்பதைச் சொல்ல இக்கரை எவரையும் எதிர்பார்க்க வேண்டியிராது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே களப்பைக் கணக்கெடுக்கும்போது, ஒருவரை ஒருவர் அறியும் வாய்ப்பும் அதனுடன் சேரும்.

வெளிநாட்டுப் பயிற்சிக்காரியாகப் போன எம் மாணவி இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்தால், அவளுக்கு இங்கே செய்வதற்கு இத்தகைய வேலை ஒன்று காத்திருக்க வேண்டும். அவ்வேலையை உண்டாக்குவதற்கு மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் மீனவர் சங்கங்களுக்கும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதைப் படிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் பிரதேசத்திலிருந்து எழுத வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.